‘நவுட்’ என்னும் சொல்லின் வரலாறு

கற்றறிந்த பெரியோர் எழுதும் ஆண்டு மலரிலே, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தனாகக் காலம் தள்ளும் என் போன்றவன் சொல்லாராய்ச்சி செய்யப் புகுவது துணிவே ஆகும். ஆயினும், நம் சங்கச் செயலாளர் விடாது வற்புறுத்தியமையாலும், சென்ற ஓராண்டாக ஒரே ஒரு சொல் என்னைப் பிடித்து ஆட்டிவைத்தமையாலும் இதனை எழுதலானேன். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் இரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்தில் எவரும் திறவாத அலமாரி ஒன்று உண்டு. கரையான் உண்டது போக எஞ்சிய சில பழைய ஆங்கில நூல்கள் அதில் உறங்குகின்றன. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியவன், பொழுது போகாமல் ஒன்றை உருவினேன். ராபர்ட் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக் கவிஞரின் பாடல் தொகுதி அது. 1759-இல் ஏழை உழவர் குடியில் பிறந்து, ஏர் பிடித்துக்கொண்டே பாட்டுக் கட்டி, 37 வயதில் மறைந்தவர் அவர். 1786-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியிலே ‘இரு நாய்கள்’ என்றொரு பாட்டு உள்ளது. பண்ணையார் வீட்டு நாயும் உழவன் வீட்டு நாயும் ஒரு நாள் மாலை கூடியமர்ந்து தத்தம் எசமானர்களின் வாழ்வைப் பேசிக்கொள்கின்றன. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அயல்நாடுகளுக்குச் சென்று பாட்டன் சேர்த்த பொருளைக் கரைக்கும் அழகை விவரித்து வரும் நாய், அவர்கள் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகருக்குப் போய்க் கித்தார் மீட்டி, ‘நவுட்’டோடு சண்டையிடுவதாகக் கூறுகின்றது.

நவுட் என்றால் என்ன? என் மேசை மேலிருந்த சிற்றகராதியைப் புரட்டினேன். ‘ஒன்றுமில்லை, வட இங்கிலாந்து வழக்கு’ என்று இருந்தது. ஒன்றுமில்லாததோடு சண்டை! வெறுங்காற்றை வாளால் வெட்டும் பணக்காரப் பிள்ளையை எவ்வளவு நுட்பமாகக் கிண்டல் செய்கிறார் கவிஞர் என்று நானே ஒரு நயம் கற்பித்துக்கொண்டு, இரண்டு வார காலம் நண்பர்களிடம் அதை விரித்துரைத்தும் வந்தேன். பின்னர் ஒரு நாள் அந்நூலின் இறுதியில் இருந்த அருஞ்சொற்பட்டி கண்ணில் பட்டது. என் நயம் அனைத்தையும் அது ஒரே வரியில் கவிழ்த்துவிட்டது. நவுட் என்றால் மாடுகள். மாட்ரிடில் எருதுப் போர் நடப்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. எனக்குத்தான் தோன்றவில்லை.

இந்த அவமானமே என்னை அச்சொல்லின் பின்னே ஓட வைத்தது. எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியிலேயே ஸ்காட்லாந்து மொழியின் பேரகராதியைத் திறந்து காட்டினார். 1931 முதல் 1976 வரை 45 ஆண்டுகள் உழைத்துப் பத்துத் தொகுதிகளாக அச்சிட்ட ஓர் அகராதியும், பழைய மொழிக்கென 2002-இல் நிறைவெய்திய மற்றோர் அகராதியும் சேர்ந்து, 2004 முதல் எவரும் காணும்படி கணினியில் ஏறியிருக்கின்றன. அன்று தொடங்கிய படிப்பு இன்றும் முடிந்தபாடில்லை.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிலே வழங்கும் மொழி ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. அதனைச் சிலர் கிளைமொழி என்பர். சிலர் தனிமொழி என்பர். அச்சண்டை நமக்கு வேண்டா. அம்மொழியில் பசு ‘கூ’ எனப்படும். அதன் பன்மை ‘கை’. பசு, காளை, எருது, கன்று என்று பால் பிரிக்காது பொதுவாக மாட்டினத்தைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல்லே நவுட். மந்தபுத்தியுள்ள முரடனையும் நவுட் என்று ஏசுவதுண்டாம். நம் வீடுகளில் கணக்குத் தவறிய பிள்ளைக்குக் கிடைக்கும் ‘மாடே!’ என்னும் அருச்சனையை இங்கே அன்பர்கள் நினைவுகூரலாம்.

இனி இச்சொல் பிறந்த ஊரைப் பார்ப்போம். அஃது ஸ்காட்லாந்தில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்த வடவர் மொழிச் சொல் அது. நார்வே, டென்மார்க்கு நாடுகளிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதலாகக் கொள்ளையிட வந்து, பின்னர் குடியேறி ஏர் பிடித்த மக்கள் மாட்டை ‘நௌட்’ என்றார்கள். நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் இன்றும் அச்சொல் உண்டு. பின்லாந்து மொழி வேறு குடும்பத்தது; எனினும் அதுவும் இச்சொல்லைக் கடன் வாங்கி ‘நௌத்தா’ என்கிறது. வட இங்கிலாந்தில் குடியேறிய வடவர் தம் மொழியை அங்கிருந்த ஆங்கிலத்தோடு கலந்துவிட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னன் முதலாம் டேவிட் வணிக நகரங்களை நிறுவியபோது, அப்பகுதியிலிருந்து வணிகரும் கைவினைஞரும் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளோடு நவுட்டும் போயிற்று. ஆக, இச்சொல் இரு முறை குடிபெயர்ந்தது. பிழைப்பைத் தேடி வந்த ஊரிலேயே வேரூன்றி, சில தலைமுறை கழித்து ‘இந்த மண்ணின் சொல்’ என்று பெயரும் வாங்கியது.

அதன் வேர்ப்பொருள் இன்னும் சுவையானது. ‘பயன் கொள்ளுதல், துய்த்தல்’ என்னும் பொருளுடைய ஒரு பழைய செர்மானிய வினையடியிலிருந்து அச்சொல் பிறந்ததென்பர். செர்மன் மொழியில் ‘பயன்’ என்பதற்கு இன்றும் வழங்கும் ‘நுட்சன்’ அதற்குச் சுற்றம். ஆகவே நவுட் என்றால் முதற்கண் ‘பயன்படும் உடைமை’ என்றே பொருள். பிற மொழிகளிலும் இதே கதைதான். ஆங்கிலத்தின் ‘கேட்டில்’ என்னும் சொல், இலத்தீனில் முதற்பொருளைக் குறித்த ‘கேப்பிட்டல்’ என்னும் சொல் பிரெஞ்சு வழியாக உருத்திரிந்து வந்ததே. செல்வத்தைக் குறித்தது பிறகு மாட்டைக் குறித்தது. இலத்தீனில் பணத்துக்குப் பெயரான ‘பெக்கூனியா’ கால்நடைக்குரிய ‘பெக்கு’விலிருந்து பிறந்தது. அங்கே மாட்டைக் குறித்தது பிறகு பணத்தைக் குறித்தது. நம் மொழியில் ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டென்பதையும், கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளில் அதனை ஆண்டிருப்பதையும் இம்மலரின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மாடு செல்வமாக இருந்த நாட்டில் மனித உயிருக்கும் மாட்டிலேதான் விலை. ஸ்காட்லாந்தின் பழஞ்சட்டம் ஒன்று, கொலையுண்டவனுக்கு ஈடாகக் கொலையாளியின் சுற்றம் எத்தனை பசு தரவேண்டும் என்று வரையறுத்தது. மன்னன் உயிருக்கு 1000 பசு; ‘தேன்’ எனப்பட்ட நிலக்கிழாருக்கு 100; குடியானவனுக்கு 16. ஸ்காட்லாந்தைத் தன் கைக்குள் கொணர முயன்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு 1305-இல் அச்சட்டத்தை நீக்கினான். பதினாறு பசுவுக்குரிய வரிசையில் நிற்கும் குலத்தவனாகிய நான் அந்தப் பட்டியலைப் படித்தபோது சற்று நேரம் பேசாதிருந்தேன்.

இங்கே எழுத்தர்கள் செய்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஸ்காட்லாந்துச் சட்டங்களிலும் பத்திரங்களிலும் இச்சொல் ‘நோல்ட்’ என்று லகர ஒற்றோடு காணப்படுகிறது. பேச்சிலோ லகரம் எக்காலத்தும் இருந்ததில்லை. பின் எங்கிருந்து வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி அந்நாட்டார் நாவில் சில இடங்களில் லகரம் தேய்ந்து உயிரோடு கரைந்தது. ‘கோல்ட்’ என்னும் குதிரைக்குட்டி ‘கவுட்’ ஆயிற்று. ‘கோல்ப்’ என்னும் ஆட்டம் ‘கவுப்’ ஆயிற்று. ஒலி போனாலும் எழுத்தில் லகரத்தை விடாது எழுதி வந்த எழுத்தர்கள், நவுட் என்று காதில் விழுந்ததும், ‘இதிலும் ஒரு லகரம் மறைந்திருக்க வேண்டும்’ என்று எண்ணி, இல்லாத லகரத்தைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டனர். மாட்டைக் கண்டிராத மேசையில் மாட்டுக்கு ஒரு வால் கூடுதலாக முளைத்தது. எழுத்தன் என்னும் முறையில் இப்பிழையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு போலும்!

தெற்கே இங்கிலாந்தில் இதே சொல்லின் உடன்பிறப்பான ‘நீட்’ என்பது மாட்டைக் குறித்தது. தூய்மையைக் குறிக்கும் மற்றொரு ‘நீட்’ பிரெஞ்சிலிருந்து வந்து சேர, இரண்டும் ஒரே ஒலியாய் மோதிக்கொண்டன. சேக்சுபியர் தம் ‘குளிர்காலக் கதை’ நாடகத்திலே இவ்விரு பொருளையும் வைத்துச் சிலேடை செய்கிறார். சிலேடைக்கு உதவும் சொல் பேச்சுக்கு இடைஞ்சலாகும் அன்றோ? மாட்டு ‘நீட்’ மெல்ல மறைந்தது. இன்று அது, தோலை மென்மையாக்கப் பயன்படும் மாட்டுக்கால் எண்ணெயின் ஆங்கிலப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நவுட்டுக்கும் ‘ஒன்றுமில்லை’ என்னும் எல்லைப்புறப் பங்காளி இருந்தான். ஆனால் நவுட்டை வீழ்த்தியது அவன் அல்லன். அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாடு நெல்லோ கோதுமையோ செழிக்கும் நிலமன்று. மழையும் பாறையும் புல்லுமே அங்குள்ள செல்வம். புல்லைப் பணமாக்க வல்லது மாடு ஒன்றே. மலைநாட்டார் வளர்த்தவை சிறிய, கறுத்த, மயிரடர்ந்த மாடுகள். 1707-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே அரசாக இணைந்தபின் எல்லைச் சுங்கம் ஒழிந்தது. இங்கிலாந்து நகரங்கள் பெருகின. கடற்படைக்கு உப்பிட்ட இறைச்சி வேண்டியிருந்தது. அதன் பயனாக ஆண்டுதோறும் கோடை முடிவில் மலைநாட்டு மாடுகள் ஆயிரக்கணக்கில் தெற்கு நோக்கி நடந்தன. நடத்திச் சென்றவர்களை ‘டிரோவர்’ என்றனர், மந்தையோட்டிகள் எனலாம்.

அந்நடை எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். ஸ்கை என்னும் தீவிலிருந்து புறப்படும் மாடுகள் முதலில் கைல் ரே என்னும் கடற்கால்வாயை நீந்திக் கடக்க வேண்டும். அகலம் அரை மைலுக்கும் குறைவுதான். ஆனால் நீரோட்டம் கடுமை. மாட்டின் கீழ்த்தாடையிலே கயிற்றுச் சுருக்கிட்டு, மறுமுனையை முன்செல்லும் மாட்டின் வாலோடு பிணைத்து, இப்படி வரிசை வரிசையாகப் படகின் பின்னே நீந்தவிடுவர். நாக்கைக் கயிற்றுக்குள் அகப்படாமல் விடுவது முக்கியம். அப்போதுதான் உப்புநீர் தொண்டைக்குள் புகாமல் மாடு தடுத்துக்கொள்ளுமாம். கரையேறியபின் மலைகளின் ஊடே நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடை. அதற்கு மேல் விரட்டினால் சதை வற்றிவிடும், விலை விழும். மந்தையோட்டிகளின் உணவு ஓட்ஸ் மாவும் வெங்காயமும். படுக்கை, போர்த்திய கம்பளியும் வெட்டவெளியும். தெற்கே கல் பரப்பிய சாலைகளை அடையும்போது மாடுகளுக்கு லாடம் அடிப்பார்கள். பிளவுபட்ட குளம்பாதலால் காலுக்கு இரண்டாக ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு. நம் ஊர்ச் சந்தைகளில் மாட்டைச் சாய்த்துக் கால் கட்டி லாடம் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இம்மந்தைகள் கூடிய பெருஞ்சந்தைக்கு ‘டிரிஸ்ட்’ என்று பெயர். முதலில் கிரீப் என்னும் ஊரில் கூடியது. 1723-இல் அச்செய்தியை எழுதிய பயணி ஒருவர், 30,000 மாடுகள் அங்கே விற்பனையாயின என்றும், பெரும்பாலும் இங்கிலாந்து வணிகர்களே வாங்கினர் என்றும் குறித்திருக்கிறார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தை பால்கர்க் நகரை அடுத்த வெளிகளுக்கு மாறிற்று. ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூடும் அச்சந்தைக்கு அதன் உச்சகாலத்தில் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் வந்தன. வங்கிகள் திடலிலேயே கூடாரம் அடித்துக் கணக்குப் பார்த்தன. அங்கே வாங்கிய மாடுகளை மீண்டும் நடத்தி, எல்லை தாண்டி, கிழக்கு இங்கிலாந்தின் நார்போக் வரை கொண்டுபோய்க் குளிர்காலம் முழுவதும் தீனியிட்டுக் கொழுக்க வைத்து, கடைசியில் இலண்டன் சுமித்பீல்டு சந்தையில் விற்பர். ஸ்காட்லாந்து மாடுகள் 40,000 ஆண்டுதோறும் நார்போக்கில் கொழுப்பதாக 1724-இல் டேனியல் டீபோ எழுதினார்; ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய அதே டீபோதான்.

மந்தையோட்டிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் சர் வால்டர் ஸ்காட்டு 1827-இல் வெளியிட்ட ‘இரு மந்தையோட்டிகள்’ என்னும் கதை சிறந்தது. மலைநாட்டான் ஒருவனும் இங்கிலாந்தான் ஒருவனும் பல்லாண்டு நண்பர்கள். ஓர் இரவு மாடு மேய்க்கும் புல்வெளி பற்றிய சிறு பிணக்கு, மானப் பிரச்சினையாய் வளர்ந்து, இருவரையும் அழித்துவிடுகிறது. நூலகங்களில் அகப்பட்டால் அன்பர்கள் தவறாது படிக்க வேண்டும். ஆனால் என் மகளுக்குப் பிடித்தது அக்கதையன்று, நாய்களின் கதை. மாடுகளை விற்றபின் மந்தையோட்டிகள் இங்கிலாந்திலேயே அறுவடை வேலைக்குத் தங்கிவிடுவதுண்டாம். நாய்களை மட்டும் ‘வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிடுவார்கள். அவை வந்த வழியே தனியே நடந்து நூற்றுக்கணக்கான மைல் கடந்து ஊர் சேருமாம். வழியில் முன்பு தங்கிய சத்திரக்காரர்கள் அவற்றுக்குச் சோறிட்டு, அடுத்த ஆண்டு மந்தையோட்டி வரும்போது கணக்குத் தீர்த்துக்கொள்வார்களாம். நாய்க்குக் கடன் கணக்கு எழுதிய சத்திரக்காரரை எண்ணினால் என் தொழிலின்மேல் எனக்கே மதிப்பு வருகிறது.

இவ்வாறு மலைமுகட்டில் தொடங்கி இலண்டன் வரை நடந்த இந்த வாழ்க்கையில், மாட்டுக்குரிய சொற்கள் மலிந்து கிடந்தன. ‘ஸ்டர்க்’ என்றால் ஆண்டு கடந்த இளமாடு. ‘ஸ்டாட்’ காயடித்த இளங்காளை. ‘குவே’ என்பது நம் கிடாரி. கொம்பில்லாத மோழை மாட்டை ஒரு வட்டாரத்தார் ‘டாடி’ என்பர், மற்றொரு வட்டாரத்தார் ‘ஹம்லி’ என்பர். இவை அனைத்துக்கும் மேலே குடை பிடித்தாற்போல் நின்ற பொதுச்சொல் நவுட்.

அதன்பின் இரயில் வந்தது.

1848-இல் இலண்டனுக்கும் தென் ஸ்காட்லாந்துக்கும் மேற்குக்கரை வழியாகத் தடம் இணைந்தது. 1850-இல் வடகிழக்கே அபர்டீன் நகருக்கும் இரயில் எட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நீராவிக் கப்பல்கள் மாடுகளை ஏற்றத் தொடங்கியிருந்தன. மாதக்கணக்கான நடை சில நாட் பயணமாயிற்று. நடந்து இளைக்க வேண்டாமையால், ஊரிலேயே கொழுக்க வைத்துத் தெற்கே அனுப்பலாம் என்றாயிற்று. வில்லியம் மெக்காம்பி என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அவர் தந்தையார் பெரிய மந்தை வணிகர். மகனோ டில்லிபூர் என்னும் பண்ணையில் அமர்ந்து, கொம்பில்லாக் கறுப்பு மாட்டினத்தைச் சீர்படுத்தி, அபர்டீன்-ஆங்கஸ் என்று உலகம் அறியும் இனத்துக்குப் பெயர் தேடித் தந்தார். தந்தை மாட்டை நடத்தினார். மகன் மாட்டை ஏற்றினார். இடையே வேறு காரணங்களும் சேர்ந்தன. முன்பு கட்டணமின்றி மேய்ந்த வழிப் புல்வெளிகளுக்கு வேலி வந்தது. நிலக்கிழார்கள் மலைநாட்டுக் குடிகளை வெளியேற்றி அவ்விடங்களில் ஆடுகளை விட்டனர். மாடும் போயிற்று, மாட்டுக்குப் பெயரிட்ட மக்களும் கனடாவுக்கும் கிளாஸ்கோவுக்கும் போயினர். பால்கர்க் சந்தை தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றது. அத்திடலின் ஒரு பகுதியில் கோல்ப் ஆடுகிறார்கள். அந்த ஆட்டக் கழகத்தின் பெயரில் மட்டும் ‘டிரிஸ்ட்’ இருக்கிறது.

இரயிலால் வயிறு வளர்ப்பவன் இரயிலைக் குறை கூறுவது அழகன்று. இளைத்த மாடும், குளிரில் நடுங்கிய மனிதனும் பட்ட துன்பத்தை இரயில் குறைத்தது உண்மை. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. சான்று கேட்டால் என் மேசை அனுபவத்தைத் தவிர வேறு காட்ட இயலாது. சரக்குச் சீட்டில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அனுப்புபவன் வாயில் ஸ்டர்க், ஸ்டாட், குவே, நவுட் என்று எது வந்தாலும், எழுத்தன் அக்கட்டத்தில் ‘கேட்டில்’ என்றே எழுதியிருப்பான்; இத்தனை தலை என்று எண்ணிக்கை போட்டிருப்பான். இலண்டனில் வாங்குபவனுக்கும் அதுவே புரியும். எங்கள் அலுவலக அலமாரியில் கிடந்த ஒரு பழைய சரக்குக் கட்டணப் புத்தகத்திலும் அப்படித்தான்: ‘கால்நடை’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே வேகன் கணக்கு. காங்கேயமா, உம்பளாச்சேரியா என்று கேட்பதற்கு அதில் இடமில்லை. முன்னொரு காலத்தில் இல்லாத லகரத்தை நுழைத்த எழுத்தர் குலம், பின்னொரு காலத்தில் சொல்லையே எடுத்துவிட்டது. ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் ‘பீஸ்ட்’ என்னும் பொதுச்சொல்லே மாட்டுக்குப் பெரிதும் வழங்கலாயிற்று. ஸ்டர்க்கும் ஸ்டாட்டும் ஏல மன்றங்களில் பிழைத்துக்கொண்டன. நவுட் பேச்சில் அருகி, அகராதிக்கும் பர்ன்ஸின் பாட்டுக்கும் ஒதுங்கிற்று.

இடப்பெயரில் அது ஒதுங்கிய கோலம் வியப்பானது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள் உள்ளன. அவை 1468 வரை வடவர் ஆட்சியில் இருந்தன. மகளின் சீதனத்தை ரொக்கமாகத் தர இயலாத டென்மார்க்கு-நார்வே மன்னன் அத்தீவுகளை ஸ்காட்லாந்து மன்னனிடம் அடகு வைத்தான், மீட்கவே இல்லை. அங்கே வெஸ்ட்ரே என்னும் தீவில் ‘நோல்ட்லாந்து’ என்றோர் இடம். பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இன்றும் இடிந்து நிற்கிறது. பெயருக்குப் பொருள் ‘மாட்டு நிலம்’. எழுத்தர் நுழைத்த அந்தப் பொய் லகரமும் கூடவே இருக்கிறது! அவ்விடத்தின் கடற்கரை மணலை அண்மைக்காலத்தில் அகழ்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட குடியிருப்பு ஒன்றைக் கண்டனர். அதில் ஒரு கட்டடத்தின் சுவர் அடித்தளத்தில் மாட்டுத் தலையோடுகள் வரிசையாக வைத்துக் கட்டப்பட்டிருந்தன. வடவர் வந்து மாட்டு நிலம் என்று பெயரிடுவதற்கு நெடுங்காலம் முன்பே, வேறு ஏதோ மொழி பேசிய மக்கள் அங்கே மாட்டின்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் மாட்டை என்னவென்று அழைத்தார்களோ, அறிவார் யாருமிலர்.

அதே வடகடலில் ஆர்க்னிக்கும் அப்பால் ஷெட்லாந்துத் தீவுகள் உள்ளன. அங்கே வடவர் மொழியின் கிளையான ‘நோர்ன்’ பேசப்பட்டு, பள்ளியிலும் கோயிலிலும் நீதிமன்றத்திலும் இடமின்றி மெல்ல மடிந்தது. மடிந்த பிறகு, யாக்கோப் யாக்கோப்சன் என்னும் பரோயே தீவினர் 1893 முதல் 1895 வரை அங்கே குடிசை குடிசையாகச் சென்று முதியோரிடம் கேட்டுக் கேட்டு, அம்மொழியின் எச்சமாக ஏறத்தாழ 10,000 சொற்களைத் திரட்டினார். வாக்கியம் பேசுவார் இல்லை. சொற்கள் மட்டும் இருந்தன. ஆட்டின் நிறங்களுக்கே எத்தனை பெயர்கள்! செம்பழுப்பு ஆடு ‘மூரிட்’; உறைபனி படிந்தாற்போன்ற கருஞ்சாம்பல் ‘ஷேலா’; நீலம் கலந்த சாம்பல் ‘எம்ஸ்கெட்’. மொழி போன பிறகும் ஆட்டின்மேல் நிறம் இருந்தமையால் பெயரும் இருந்தது.

இதைப் படித்த அன்று மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் காலனிக்கு வெளியே சாலையோரம் பசுவொன்று கன்றோடு நின்றது. என் மகள், ‘அப்பா, அந்த பச்சடா எவ்வளவு அழகு பாருங்கள்’ என்றாள். இந்தியில் கன்றுக்கு அதுதான் பெயர், குற்றமில்லை. இவ்வூரார் கால்நடையை ‘மவேஷி’ என்கிறார்களே, அதுவும் ‘நடப்பவை’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. நம் ‘கால்நடை’யும் அதுவும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. ஆகவே அவளைத் திருத்த நான் முற்படவில்லை. ‘தமிழில் என்ன சொல்வோம்?’ என்று மட்டும் கேட்டேன். ‘குட்டி மாடு’ என்றாள். கன்று என்று நான் சொன்னேன். ‘ஆண் கன்றா, பெண் கன்றா?’ என்று அவள் அடுத்து கேட்டபோது, சேங்கன்று, கிடாரிக் கன்று என்பவை என் நாவிலிருந்து உடனே எழவில்லை. சற்று நேரம் தேடித்தான் எடுத்தேன். நானும் தஞ்சை மாவட்டத்தில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன்தான்.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் தந்தையாருக்கு வயது எழுபத்தெட்டு. ‘மாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த பெயரெல்லாம் சொல்லுங்கள் அப்பா’ என்றேன். ‘ஏண்டா, இரயிலை விட்டுவிட்டு மாட்டுத் தரகுக்கு இறங்கிவிட்டாயா?’ என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். மயிலை, செவலை, காரி, மறை, மோழை, கூழைவால், தலையீத்து, கறவை, வறடு என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாடும், அந்த மாட்டுக்கு ஒரு கதையும் இருந்தன. பயன்பாட்டிலிருந்து கழித்த கணக்குப் பேரேடு ஒன்றின் பின்பக்கத்தில் அவற்றை எழுதி வருகிறேன். ஞாயிறுதோறும் பேசுகிறோம். இதுவரை அறுபத்து மூன்று சொற்கள் ஆயிருக்கின்றன. நம் காலனியில் நெல்லைச் சீமையார் உண்டு, கொங்கு நாட்டார் உண்டு, வடஆர்க்காட்டார் உண்டு. அவரவர் ஊரில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வழங்கும் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, மாலை ஆறு மணிக்கு மேல் இன்ஸ்டிடியூட் நூலகத்தில் என்னிடம் சேர்ப்பித்தால் நன்றியுடையவன் ஆவேன். ஊர்ப் பெயரை மறவாமல் குறிக்க வேண்டும். காதில் கேட்டபடியே எழுதித் தருக. எழுத்தை நான் திருத்த மாட்டேன்.